தீய்ந்த பால்

ஆகஸ்ட் முடியப்போகிறது, ஆக்லாந்தில் குளிர் விட்டபாடில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் மட்டும் என்று நாவலை எடுத்தவள், பால் தீய்கிற வாசம் வந்தபோது ஓர் அத்தியாயத்தையே தாண்டியிருந்தேன்.

மதுரை வீட்டிலும் இதே வாசம் வரும். அம்மா மளிகைப் பொட்டலத்தைப் பிரித்துப் பருப்பை டப்பாவில் கொட்டுவாள். பிறகு அந்தக் கசங்கிய காகிதத்தை நீவிவிட்டு, நின்றபடியே படிப்பாள். ஏதோ தொடர்கதையின் நடுப்பக்கமாக இருக்கும். அதற்குள் பால் பொங்கிவிடும். கூடத்தில் முழுப் பேப்பரையும் விரித்து வைத்திருக்கும் அப்பா அங்கிருந்தே கத்துவார்.

"கவனம் எங்கடி போச்சு? உனக்கு என்ன படிப்பு வேண்டிக்கிடக்கு?"

ஒருநாள் எழுந்து வந்து காகிதத்தைப் பிடுங்கி அடுப்பிலேயே போட்டார். அம்மா பால் வழிந்த அடுப்பைத் துடைத்தாள். விடிந்ததிலிருந்து படித்துக்கொண்டிருந்த அந்த மனுஷனை யாரும் கவனம் கெட்டவர் என்று சொன்னதில்லை. நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

"என்ன தீயுது? கவனம் எங்க இருக்கு உனக்கு?" சோபாவில் சாய்ந்து போன் திரையைத் தள்ளிக்கொண்டிருந்த என் கணவர் கேட்டார்.

"உங்களுக்கும்தான் மூக்கு இருக்கே. எந்திரிச்சுப் போய் அணைங்க."

அவர் என்னையே பார்த்தார், அசையவில்லை. நானும் அசையவில்லை. ஸ்மோக் அலாரம் அலறியபோது அவர்தான் எழுந்து ஓடினார்.

நான் பக்கத்தைப் புரட்டினேன்.