குளோரின் பூஜ்யம்

டெங்கில் ஊருக்கு அப்பால் இருந்த குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் மகதலேனாவுக்குப் பத்தொன்பது வருட வேலை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, குழாய்க்குப் போகும் தண்ணீரைக் குப்பியில் பிடித்து, சோதனைத் தூள் போட்டு, ஏறும் நிறத்தைப் பார்த்து, குளோரின் அளவை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அளவு விழுந்தால் உடனே சுகாதார அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும்.

ஆறு வருடத்துக்கு முன் அப்படித்தான் சொன்னாள். நிலையம் அரை நாள் நின்றது. ஊர் முழுக்க வாளியோடு நின்றதற்கு அவளே காரணம் என்பதுபோல் மேலிடம் பார்த்தது. அதன்பின் எந்தப் பதவி உயர்வுப் பட்டியலிலும் அவள் பெயர் வரவில்லை.

போன மார்ச்சில் ஒரு காலை, குப்பியில் நிறமே ஏறவில்லை. மறுபடி பார்த்தாள். பூஜ்யம். குளோரின் பம்ப் எப்போதோ நின்றுபோயிருந்தது. மேற்பார்வையாளன் சுகுமாறனிடம் ஓடினாள். அவளைவிட இளையவன்.

பம்பை முடுக்கிவிட்டு வந்து, "வழக்கம்போல பாயிண்ட் ஃபைவ்னு போடுங்க லா, அக்கா" என்றான்.

"மருந்தில்லாத தண்ணி வெளிய போயிருச்சே, பாஸ்."

"போனது போச்சு. ரிப்போர்ட் பண்ணா பிளான்ட்ட நிறுத்தணும். போன தடவ என்னாச்சுன்னு மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. எழுதினாள். கையெழுத்தும் போட்டாள்.

அந்த வாரமே பக்கத்து அடுக்குமாடியில் முப்பது பேருக்கு வயிற்றுப்போக்கு. தண்ணீர்தான் காரணமென்று கடைசிவரை யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் பம்ப் ஒன்றரை மணி நேரம் நின்றது கணினியில் அப்படியே பதிவாகியிருந்தது.

விசாரணையில் அதிகாரி தாளை நீட்டினார். "இது உங்க சைன்தானே?"

"ஆமா சார். சுகுமாறன்தான் எழுதச் சொன்னாரு."

சுகுமாறன் மேசையைப் பார்த்தபடியே சொன்னான்: "நான் ரிப்போர்ட் பண்ணத்தான் சொன்னேன், சார்."

அவள் வேலை போனது. இப்போது மேரு என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி ஒட்டுகிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்ததும், யாரிடமும் சொல்லாமல் அந்த அடுக்குமாடிக்குப் போனாள். மன்னிப்புக் கேட்கவா, தன் பக்கத்தைச் சொல்லவா, அவளுக்கே தெரியவில்லை. லிஃப்ட் அருகே, இடுப்பில் குழந்தையோடு நின்றவள் கேட்டாள்: "யாரப் பாக்கணும், ஆன்டி?"

மகதலேனா குழந்தையின் மெலிந்த காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தப்பா வந்துட்டேன்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.