நீலத் துணி கட்டாத வயலின்

இனெஸுக்குச் சங்கீதம் தெரியாது. கிரெமோனாவிலேயே பிறந்து, வயலின் செய்கிறவனைக் கல்யாணம் செய்துகொண்டு, நாற்பத்திரண்டு வருஷம் அவனோடு குடித்தனம் நடத்தியும், ஒரு பாட்டுக்கும் இன்னொரு பாட்டுக்கும் வித்தியாசம் சொல்ல அவளால் முடியாது. அதற்காக அவள் வெட்கப்பட்டதும் கிடையாது. யாராவது கேட்டால், "செருப்புத் தைக்கிறவன் பொண்டாட்டி ஓட்டப் பந்தயமா ஓடறா?" என்று வாயை அடைத்துவிடுவாள்.

ஆனால் அந்த ஊரில் வயலின் செய்கிறவன் பொண்டாட்டிக்கு ஒரு வேலை உண்டு. மரத்தை இழைத்து, ஒட்டி, மூடி முடித்ததும் வயலின் வெள்ளை வெளேரென்று இருக்கும். வார்னிஷ் அடிப்பதற்கு முன்னால் அதை வாரக்கணக்கில் வெயிலில் தொங்கவிட்டால்தான் மரம் தேன் நிறத்துக்கு வரும். வெயிலில் போடுவது, மேகம் கூடினால் ஓடிப்போய் எடுப்பது, புறா உட்காராமல் பார்ப்பது எல்லாம் வீட்டில் இருக்கிறவள் பாடு. மூன்றாவது மாடியில் தெற்கு பார்த்த பால்கனி. கம்பியின் இந்தப் பக்கம் மகள் லீதியாவின் பாவாடைகள், அந்தப் பக்கம் புருஷன் நெல்லோவின் வயலின்கள். ஈரப் போர்வை காயும் திங்கட்கிழமையில் மட்டும் வயலினுக்கு விடுமுறை.

கல்யாணத்துக்கு முன்னால் இனெஸ் பாதாம் மிட்டாய் கம்பெனியில் வேலை பார்த்தாள். குழந்தை பிறந்து வேலையை விட்டபோது கம்பெனி கொடுத்த நீல ஏப்ரன் வீணாகக் கிடந்தது. காற்றில் வயலின் சுழன்று சுவரில் மோதப் பார்க்கிறதே என்று, அந்த ஏப்ரனை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, தந்தி முறுக்கும் பிருடைகள் வரும் கழுத்துப் பகுதியில் சுற்றிக் கம்பியோடு இழுத்துக் கட்டினாள். ஒரு மாதம் கழித்து அவிழ்த்தால், மரம் முழுவதும் பழுத்திருந்தது. துணி இருந்த இடம் மட்டும் வெளுப்பாக ஒரு வளையம்.

நெல்லோ குதித்தான். "என்னடி பண்ணி வச்சிருக்க?"

"சுவத்துல மோதி உடையட்டும்னு விட்டிருக்கணுமா? அப்ப அடுத்த தடவ நீயே வந்து புடிச்சிக்கிட்டு நில்லு."

வார்னிஷ் அடித்த பிறகும் அந்த வளையம் லேசாகத் தெரிந்தது. வாங்க வந்த ஜெர்மன்காரர் அதைத் தடவித் தடவிப் பார்த்து, அழகு என்றார். அதன் பிறகு நெல்லோ குதிக்கவில்லை. நீலத் துணி கட்டாமல் அந்த வீட்டிலிருந்து ஒரு வயலினும் வெளியே போகவில்லை. அவன் செத்த பிறகு, நிபுணர் ஒருவர் பெரிய புத்தகம் போட்டார். அதில் அந்த வளையத்தை நெல்லோவின் ரகசிய முத்திரை என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார். லீதியா வாசித்துக் காட்டியபோது இனெஸ் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "மிட்டாய் கம்பெனி ஏப்ரன்டி அது! போய்ச் சொல்லு அந்த ஆள்கிட்ட."

இன்னொரு விஷயம் அந்த நிபுணருக்குத் தெரியாது. வயலினின் மேல் பலகையை ஒட்டி மூடும் நாளில், அதன் உள்பக்கத்தில் நெல்லோ பென்சிலால் ஒரு வரி எழுதுவான். அன்றைக்கு மத்தியானம் என்ன சாப்பிட்டான் என்று. "இன்னிக்கு என்ன இனெஸ்?" என்று பட்டறை அறையிலிருந்து குரல் வரும். "மருபீனி, கோழிச் சாறுல." பூரணம் வைத்த அந்தக் கிரெமோனாக் கொழுக்கட்டையின் பெயரை எழுதி, பசை தடவி, மூடிவிடுவான். "சங்கீதக்காரன் பசியோட வாசிக்கக் கூடாது" என்பான். அது அவர்கள் இரண்டு பேருக்குள் இருந்த வேடிக்கை. மகளுக்குக்கூடத் தெரியாது.

ஒரு வருஷம் மட்டும் அந்த வீட்டில் வயலின் தொங்கவில்லை. 1967 அக்டோபரில் நெல்லோ உளிகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு போனான். மாந்துவாவில் ஒரு பெண். இனெஸ் அழவில்லை, அல்லது யாரும் பார்க்கும்படி அழவில்லை. எட்டு வயது லீதியாவிடமும் அக்கம்பக்கத்திலும், மிலானில் ரிப்பேர் கடையில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னாள். அக்கம்பக்கம் நம்பியதுபோல் தலையாட்டியது. மறு வருஷம் செப்டம்பரில் அதே பையோடு வாசலில் வந்து நின்றான். இனெஸ் ஒரு தட்டு எடுத்து மேஜைமேல் வைத்தாள். சாப்பிட்டு முடித்துவிட்டு அவன் சொன்னது ஒன்றே ஒன்று.

"அங்க ஒண்ணும் செய்யல இனெஸ். ஒரு வயலின்கூட. உன்னை விட்டுட்டுப் போய்க் கை ஓடல."

அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் பெயரைக்கூட. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் மிச்ச முப்பது வருஷத்தை ஓட்டினாள். போனான், சரி. ஆனால் அங்கே அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அது போதும் என்று இருந்தாள்.

நெல்லோ செத்து ஏழு வருஷம் ஆன ஏப்ரல் மாதத்தில், ஒரு திங்கட்கிழமை காலை, இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் மிலான் வியாபாரி தாஸ்கா, வழுக்கைத் தலை, கழுத்தில் பட்டுத் துணி. இன்னொருத்தி ஃபுல்வியா, முப்பத்தைந்து வயதிருக்கும், பொலோனியாவில் இசைக்குழுவில் வாசிக்கிறவள். அப்பா விட்டுப்போன வீட்டை விற்று, தாஸ்காவிடம் ஒரு வயலின் வாங்கியிருந்தாள். உள்ளே நெல்லோவின் பெயர்ச் சீட்டு ஒட்டியிருந்தது. கிரெமோனா, 1968 என்று. ஆனால் புத்தகம் போட்ட நிபுணர் அதைப் பார்த்துவிட்டுப் போலி என்று சொல்லிவிட்டார். முத்திரை இல்லை, அந்த வருஷம் நெல்லோ வேலையே செய்யவில்லை என்பது அவர் வாதம். இனி நெல்லோவின் மனைவி சொன்னால்தான் உண்டு.

லீதியா மருந்துக்கடை வைத்திருக்கிறாள். திங்கட்கிழமை கடை லீவு என்பதால் அம்மாவோடு இருந்தாள். அடுப்பில் சாறு கொதித்துக்கொண்டிருந்தது.

"இது அவர் கை வேலைன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும்மா" என்றார் தாஸ்கா.

"பாத்துட்டு எழுதலாமா, இல்ல கண்ணை மூடிக்கிட்டுதான் எழுதணுமா?"

இனெஸ் கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு வயலினை வாங்கினாள். சன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பி, கழுத்தின் பின்பக்கத்தைப் பார்த்தாள். வளையம் இல்லை. எல்லா இடமும் ஒரே பழுப்பு. சீட்டில் இருந்த வருஷத்தைக் கேட்டதிலிருந்து நெஞ்சில் ஏறியிருந்த ஏதோ ஒன்று இறங்கியது.

"இது என் வீட்டு வெயில் பட்டது இல்ல" என்றாள்.

"அந்த வருஷம் அப்பா மிலான்ல இருந்தார்" என்றாள் லீதியா. "வெறும் ரிப்பேர்தான். புதுசா எதுவும் செய்யல."

தாஸ்கா வாயைத் திறந்தார். ஃபுல்வியா அவரைக் கையமர்த்தினாள். வயலினை வாங்கி, அதன் மேல் வில்லிலிருந்து உதிர்ந்து படிந்திருந்த பிசின் தூளைத் தன் கழுத்துத் துணியின் நுனியால் துடைத்தாள், குழந்தைக்கு வாய் துடைப்பதுபோல.

"சரிங்க சிஞ்ஞோரா. மாசக் கடைசிக்குள்ள திருப்பிக் குடுத்துடறேன். போலியை வச்சுக்க முடியாது. ஆனா ஆறு மாசமா இதை வாசிச்சேன். இனிமே வேற ஒண்ணுலயும் கை ஓடாது."

வயலினைப் பெட்டியில் வைத்து மூடப் போனாள்.

"இரு" என்றாள் இனெஸ். எதற்குச் சொன்னோம் என்று சொன்ன பிறகுதான் யோசித்தாள். "லீதியா, அப்பா மேஜைல பல் டாக்டர் கண்ணாடி இருக்கும், நீளக் காம்பு வச்சது. அந்தச் சின்ன பல்பையும் எடுத்துட்டு வா."

"எதுக்கும்மா?"

"கொண்டான்னா கொண்டா."

தந்திகளுக்குப் பக்கத்தில் இருக்கும் வளைந்த துளை வழியாக ஃபுல்வியா கண்ணாடியை உள்ளே விட்டாள். இனெஸ் சொன்ன இடத்தில் திருப்பினாள்.

"ஏதோ பென்சில் எழுத்து... கண்ணாடில தலைகீழாத் தெரியுது... தொர்தெல்லி. பரங்கிக்காய் தொர்தெல்லி." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டு தட்டுன்னு போட்டிருக்கு! இதென்ன, ஹோட்டல் பில்லா?"

"குடு" என்றாள் இனெஸ்.

தொர்தெல்லியில் வரும் இரண்டு 't' எழுத்துக்கும் சேர்த்து ஒரே இழுப்பாக ஒரு நீளக் குறுக்குக் கோடு. மளிகைச் சீட்டிலும் அப்படித்தான் போடுவான், கல்யாணப் பதிவேட்டிலும் அப்படித்தான் போட்டான். பரங்கிக்காய்ப் பூரணம் வைத்த தொர்தெல்லி மாந்துவாக்காரர்கள் பண்டம். கல்யாணமான புதிதில் இனெஸ் ஒரு தடவை செய்தபோது, "இனிப்பை எவன் சாப்பாட்டுல போடுவான்?" என்று நெல்லோ தட்டைத் தள்ளிவிட்டான். பிறகு அவள் செய்யவே இல்லை.

ரெண்டு தட்டு.

மூன்று பேரும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வரி என்னவென்று அவர்கள் யாருக்கும் தெரியாது. ரிப்பேர்காரன் எவனோ கிறுக்கியது என்று சொன்னால் அதோடு முடிந்தது. இனெஸ் எழுந்து அடுப்பண்டை போனாள். தீயைக் குறைத்தாள். சாற்றின் மேல் கட்டிய நுரையைக் கரண்டியால் எடுத்துத் தொட்டியில் கொட்டினாள். மறுபடியும் எடுத்தாள். நுரை தீர்ந்த பிறகும் கொஞ்ச நேரம் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நெல்லோ செஞ்சதுதான்" என்றாள், திரும்பாமல்.

தாஸ்கா நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "நான்தான் சொன்னேனே! அப்ப எழுதிடலாம்மா. கிரெமோனா, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து..."

"கிரெமோனா இல்ல. மாந்துவா."

"ஐயோ அம்மா, சீட்டுலயே கிரெமோனான்னு இருக்கே! மாந்துவான்னு எழுதினா நாளைக்கு வாங்கறவன் மூக்கைச் சுளிப்பான்."

"சுளிக்கட்டும். அவன் மூக்குதானே. லீதியா, பேப்பர் எடு. என் விரல் மடங்காது, நீ எழுது."

சொல்லச் சொல்ல லீதியா எழுதினாள். 1967 அக்டோபரிலிருந்து மறு வருஷம் செப்டம்பர் வரை என் வீட்டுக்காரர் மாந்துவாவில் வேறு ஒரு பெண்ணின் வீட்டில் இருந்தார். அந்த இடத்தில் பேனா நின்றது.

"அம்மா. அப்பா மிலான்லதானே..."

"அது நான் சொன்னது. இதுவும் நான்தான் சொல்றேன். எழுது. அப்புறம் கேளு."

இந்த வயலினை அவர் அங்கே செய்தார். கழுத்தில் உள்ள வளையம் அவருடைய முத்திரை அல்ல, நான் கட்டிய துணியின் அடையாளம். இதை நான் கட்டவில்லை, அதனால் அது இல்லை. உள்ளே இருக்கும் எழுத்து, அவர் மூடும் நாளில் சாப்பிட்ட சாப்பாடு. எல்லா வயலினிலும் இருக்கும், போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். இது அவர் கை வேலை.

கடைசியில் இனெஸ் கோணல் மாணலாகக் கையெழுத்துப் போட்டாள். தாஸ்கா அந்தக் காகிதத்தை மடிக்கவும் தோன்றாமல் வைத்துக்கொண்டு நின்றார். ஃபுல்வியாவின் கண் கலங்கிவிட்டது.

"இந்தா, அழறதுன்னா அந்தப் பக்கம் திரும்பி அழு. தண்ணி பட்டா வார்னிஷ் போயிடும்" என்றாள் இனெஸ். பிறகு, "ஒண்ணு கேக்கறேன், நிஜத்தைச் சொல்லணும். அவன் செஞ்ச வேற வயலின் வாசிச்சிருக்கியா?"

"மூணு வாசிச்சிருக்கேன்."

"இது எப்படி?"

ஃபுல்வியா தரையைப் பார்த்தாள்.

"பொய் சொன்னா பேப்பரைக் கிழிச்சிடுவேன்."

"இதுதான் நல்லது, சிஞ்ஞோரா."

இனெஸ் தலையை ஆட்டினாள். "ம். ரெண்டு தட்டு சாப்பிட்டிருக்கான்ல."

அவர்கள் படியிறங்கும் சத்தம் அடங்கியது. இனெஸ் மருபீனியைச் சாற்றில் போட்டாள். வெந்து மேலே மிதந்ததும் இரண்டு தட்டில் எடுத்து வைத்தாள். லீதியா கரண்டியைத் தொடவில்லை.

"கேளு" என்றாள் இனெஸ். "ஆறிடும். கேட்டுட்டுச் சாப்பிடு."

"அவங்க பேரு என்னம்மா?"

"தெரியாது. கேட்டதில்ல." இனெஸ் சீஸைத் துருவி மகள் தட்டில் போட்டாள், பிறகு தன் தட்டில். "நல்லா சமைச்சிருக்கா. அது மட்டும் தெரியுது."