அத்தையின் லைசென்ஸும் ஒரு செவலைப் பசுவும்

எங்கள் ஊரில் மாட்டை யாரும் விலங்கு என்று சொல்லமாட்டார்கள். நாய், பூனை, கோயில் பக்கம் வந்து தேங்காய் மூடியைப் பிடுங்கிக்கொண்டு போகும் குரங்கு, இவையெல்லாம் விலங்குகள். மாடு மாடுதான். வெள்ளிக்கிழமையானால் அது மகாலட்சுமி. இந்த வித்தியாசம் லைசென்ஸ் கொடுக்கிற ஆபீஸுக்குத் தெரியாததால்தான் என் அத்தைக்கு அவ்வளவு கஷ்டம் வந்தது என்று பல வருடங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தை அப்பாவின் தங்கை. மார்க்கையன்கோட்டையில் எங்கள் வீட்டோடு இருந்தாள். மாமாவோடு வாழ்ந்தது இரண்டே வருடம். ஒருநாள் ஒரு பெட்டியோடு வந்தவள் திரும்பிப் போகவில்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். பேச அவள் விட்டதுமில்லை. வந்த புதிதில் நேந்திரங்காயை வாங்கி சிப்ஸ் போட ஆரம்பித்தாள். சட்டிக்கு நேரே காயைப் பிடித்துச் சீவினால் வில்லை வில்லையாக எண்ணெய்க்குள் விழும். ஒன்றோடொன்று ஒட்டாது. கம்பம் ரோட்டில் ஐயப்ப பக்தர்களின் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு கடைக்காரர் அந்தப் பாக்கெட்டுகளை வாங்கி விற்றார். கார்த்திகையும் மார்கழியும் அத்தைக்கு மூச்சுவிட நேரமிருக்காது.

நான் நான்காம் வகுப்புப் படித்த வருடம், ஆவணியில், அந்தக் கடைக்காரரே வீட்டுக்கு வந்தார்.

"யக்கா, பாக்கெட்டுல லைசென்ஸ் நம்பர் இல்லாம இனிமே வாங்க முடியாது. செக்கிங் வர்றாக. கார்த்திகைக்குள்ள நம்பரோட வாங்க, சீசன் முழுக்க ஒங்க சரக்குத்தான். இல்லைன்னா சின்னமனூர்க் கம்பெனிக்காரன் ரெடியா நிக்கிறான்."

அவர் போனதும் அப்பா, "இந்த வம்பெல்லாம் ஒனக்கு எதுக்கு? இங்கன சோத்துக்கா பஞ்சம்?" என்றார்.

"சோறு இருக்குண்ணே. அது ஒன் சோறு" என்றாள் அத்தை.

அத்தையின் கழுத்திலிருந்த சங்கிலி காணாமல் போனது. வீட்டுக்குப் பின்னால் சிப்ஸ் போட ஒரு கொட்டகை எழும்பியது. சுவரில் ஆள் உயரத்துக்கு வெள்ளை டைல்ஸ், ஜன்னலுக்குக் கொசுவலை, கை கழுவத் தனிக் குழாய். விண்ணப்பத்தோடு கொடுத்த விதிமுறைகளை உரக்கப் படிக்கும் பொறுப்பு எனக்கு. வகுப்பில் முதல் ரேங்க் நான். யார் தப்பாகச் சொன்னாலும் கையைத் தூக்கித் திருத்துகிறவள். டீச்சர் தேதியை மாற்றி எழுதினால்கூட விடமாட்டேன். அதனால் ஒரு வரியையும் விடாமல் படித்தேன். தலைக்குத் தொப்பி, தண்ணீருக்குப் பரிசோதனை, வேலை செய்பவருக்கு டாக்டர் சர்டிபிகேட். கடைசியில், வளாகத்துக்குள் விலங்குகள் இருக்கக் கூடாது.

அத்தை அதை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். அன்றைக்கே வீட்டு நாய் தெருமுனைப் புங்கமரத்தடிக்கு இடம் மாறியது. பூனையைச் சாக்கில் போட்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்தார் அப்பா. அவர் வீடு வந்து சேர்வதற்குள் பூனை வந்து சேர்ந்திருந்தது. பிறகு அதை உத்தமபாளையத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டோம்.

ஐப்பசியில் லைசென்ஸ் ஆபீஸிலிருந்து, இடத்தைச் சோதிக்கிற மேடம் போன் செய்து, வெள்ளிக்கிழமை காலையில் பார்வையிட வருவதாகச் சொன்னார். அத்தைக்கு ஒரே சந்தோஷம். வளர்பிறை, வெள்ளிக்கிழமை, முகூர்த்த நாள் வேறு. புதுக் கொட்டகையில் இன்னும் பால் காய்ச்சவில்லை. மேடம் வருகிற அன்றைக்கே காய்ச்சிவிடலாம், நல்ல காரியத்தில் அவர்களும் கலந்துகொண்ட மாதிரி இருக்கும் என்று முடிவு செய்தாள். பால் காய்ச்சினால் முதலில் பசு நுழைய வேண்டும். அது எங்கள் பக்கத்தில் யாரும் யோசித்துச் செய்கிற காரியமே இல்லை. பக்கத்துத் தெருப் பால்காரரின் செவலைப் பசுவுக்கும் கன்றுக்கும் வியாழக்கிழமையே சொல்லியாகிவிட்டது.

நான் பள்ளிக்கு மட்டம். பசுவின் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வைத்து, கொம்பில் பூச்சுற்றிக் கூட்டிவந்தார்கள். டைல்ஸ் தரையில் கால் வழுக்கவும் அது வாசலிலேயே நின்றுகொண்டது. நான்தான் பழத்தைக் காட்டிக் காட்டி உள்ளே வரவைத்தேன். எல்லோரும் சுற்றி நின்றோம். பசு உள்ளே வந்து கோமியம் விட்டால் வீடு விருத்தியாகும் என்பார்கள். இது கோமியத்தோடு நிறுத்தவில்லை. புது அடுப்புக்கு ஒரு முழம் தள்ளிச் சாணமும் போட்டது.

"அமோகமா வருமாத்தா! இனி ஒன்னையப் பிடிக்க முடியாது" என்றார் அப்பா. ஆரம்பத்தில் வேண்டாம் என்றவருக்கே கண் கலங்கிவிட்டது.

அந்த நேரத்தில்தான் மேடம் வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தினார்.

அத்தை ஓடிப்போய், "வாங்க மேடம், சரியான நேரத்துக்கு வந்தீக" என்று பால் டம்ளரை நீட்டினாள். மேடம் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. பசுவைப் பார்த்தார். சாணத்தைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். பையிலிருந்து பேனாவை எடுத்தவர், அத்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு அதைத் திரும்ப உள்ளே வைத்தார். நின்றபடியே பாலைக் குடித்தார். ஜன்னல்களை விரலால் எண்ணினார். பிறகு அத்தையைத் தனியே கூப்பிட்டு, "நான் இன்னைக்கு வரலை. சரியா? நல்லாக் கழுவி மருந்து போட்டு வைங்க. திங்கக்கிழமை வர்றேன்" என்றார். நான் அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

அவர் போனதும், "வந்துட்டு வரலைங்கிறாகளே அத்தை, அது பொய்தான?" என்று கேட்டேன்.

"பேசாம இரு புள்ள" என்றாள். அதற்கு மேல் சொல்ல அவளுக்கு நேரமில்லை. சனியும் ஞாயிறும் மண்டியிட்டுத் தேய்த்தாள். பிளீச்சிங் பவுடர் நெடியில் எங்கள் வீட்டுச் சோறுகூட அப்படியே மணத்தது.

திங்கட்கிழமை நான் பள்ளி விட்டு வந்தபோது வாசலில் ஜீப் நின்றது. மேடத்தோடு இன்னொரு பெரிய அதிகாரியும் வந்திருந்தார். கொட்டகை கண்ணாடி மாதிரி இருந்தது. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் போட்டுக்கொண்டே வந்தார். அத்தை தொப்பி மாட்டிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எல்லாம் முடிகிற நேரத்தில் மேடம் முதல்தடவை பார்ப்பவர் போல, "எத்தனை ஜன்னல்மா?" என்று கேட்டார்.

நான் கையைத் தூக்கினேன். "வெள்ளிக்கிழமையே எண்ணிப் பாத்தீகள்ல மேடம்? மாடு நின்னுச்சே, அப்ப."

பெரிய அதிகாரி என் பக்கம் திரும்பினார். "என்ன மாடு பாப்பா?"

அவர் அன்பாகத்தான் கேட்டார். நானும் ஒன்றையும் விடாமல் சொன்னேன். பழம் காட்டி உள்ளே வரவைத்ததை, கோமியத்தை, சாணம் விழுந்த இடத்தை, மேடம் பால் குடித்ததை, எல்லாவற்றையும். விழுந்த இடத்தைக் காலால் தொட்டுக்கூடக் காட்டினேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அத்தையின் கை என் தோளில் இருந்தது. அது என்னைக் கிள்ளவில்லை, இழுக்கவில்லை. மெல்ல மெல்லக் கனமானது. மேடம் என்னைப் பார்த்து லேசாகச் சிரிக்க முயன்றார். இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது.

அதிகாரி பேனாவை மூடினார். தண்ணீரையும் இடத்தையும் மறுபடி பரிசோதிக்க வேண்டும், அறிக்கை வந்த பிறகு திரும்பவும் பார்வையிட வேண்டும் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். அடுத்த தடவை வந்தது வேறு ஆள். அந்த மேடத்தை அதற்குப் பிறகு நாங்கள் பார்க்கவேயில்லை.

கார்த்திகை பிறந்தது. கம்பம் ரோட்டில் வரிசையாக பஸ்கள் நின்றன. கடையில் சின்னமனூர்க் கம்பெனியின் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கின. கொட்டகை பூட்டிக் கிடந்தது. அத்தை அந்தச் சின்னமனூர்க் கம்பெனிக்கே காய் உரிக்கும் வேலைக்குப் போனாள். காலை ஏழு மணி பஸ்ஸில் போனால் பொழுது சாயத்தான் வருவாள்.

லைசென்ஸ் தை மாதம் வந்தது. அதற்கடுத்த வருடங்களில் அத்தை நன்றாகவே முன்னுக்கு வந்தாள். இன்று அவளிடம் ஆறு பேர் வேலை பார்க்கிறார்கள். ஆன்லைனில் லைசென்ஸைப் புதுப்பித்துக் கொடுப்பது என் வேலை. போன மாதம் பழைய காகிதம் ஒன்றைத் தேடி அவளுடைய ஃபைலைப் பிரித்தபோது அந்த வருடத்து நோட்டீஸ் கிடைத்தது. "வளாகத்தில் மாடு இருந்தது அங்கிருந்த சிறுமியின் வாய்மொழி மூலம் தெரியவந்தது" என்று எழுதியிருந்தது. இத்தனை வருடமாக அதை யார் கையிலும் கொடுக்காமல் வைத்திருக்கிறாள். நானும் படித்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

அந்தக் கார்த்திகையில் எனக்கு இதெல்லாம் தெரியாது. வேலை முடிந்து வந்து உட்காரும் அத்தையின் விரல்கள் வாழைக்காய்க் கறையேறிக் கறுத்திருக்கும். நகக்கண்ணில் எரிச்சல் என்பாள். நான் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து, அந்தச் செவலைப் பசுவைத் திட்டித் தீர்ப்பேன். அது நிற்கிற தெரு வழியாக நான் பள்ளிக்குப் போவதைக்கூட நிறுத்தியிருந்தேன்.

"எல்லாம் அந்த மாட்டாலதான அத்தை?"

"ஆமாத்தா. அந்த மாடுதான்."

தப்பைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்ட திருப்தியோடு, நான் ஒவ்வொரு விரலாக எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தேன்.