அண்ணனின் எத்துப்பல்

அண்ணனுக்கு எத்துப்பல். தெருவில் யாரும் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'எத்து'தான். சிரிப்பு வந்தால் முதலில் கை வாய்க்குப் போய்விடும். அவனைக் கேலி செய்ய வெளியாள் தேவைப்படவில்லை, அப்பாவே போதும். பஸ் கண்டக்டர் வேலையில் நாள் முழுக்கக் கத்திவிட்டு வந்து, "வாயை மூடிட்டு உட்காருடா, பார்க்கச் சகிக்கல" என்பார்.

படிப்பு ஏறவில்லை. பஞ்சர் கடையில் வேலை பார்த்துக்கொண்டே, ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் இடத்தில் போய் நின்றான். பல்லைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று ஒரே உதறல். பரிசோதித்த டாக்டரிடம் அவனே கேட்டிருக்கிறான். "துப்பாக்கியைப் பல்லாலயாப்பா சுடப்போற?" என்றாராம் அவர். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

முதல் விடுப்பில் வந்தபோது ஆளே மாறியிருந்தான். வாயை மறைக்காமல் சிரித்தான். அம்மா கைவேலையைப் போட்டுவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த விடுப்பில்தான் என் கல்யாணம். போட்டோ எடுக்கும்போது அப்பா அவன் காதருகே போய் ஏதோ சொன்னார். அண்ணன் உதட்டை இறுக்கிக்கொண்டு பின்வரிசைக்குப் போய்விட்டான்.

அடுத்த வருஷம், எல்லையில் ரோந்து போன வண்டி கண்ணிவெடியில் சிக்கியது. மூடிய பெட்டியில் வந்தான்.

நகர மண்டபத்தில் இரங்கல் கூட்டம் ஏற்பாடு செய்து, பேனருக்குப் படம் கேட்டார்கள். சீருடையில் அவன் அனுப்பியிருந்த படத்தோடு அப்பா ஸ்டூடியோவுக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"பல்லு தெரியாம சரிபண்ணிடுங்க. நாலு பேர் பார்க்கறது," என்றார்.

கூட்டத்துக்கு அவனோடு முகாமில் இருந்த சிப்பாய் ஒருவர் வந்திருந்தார். அதே வண்டியில் போனவர். காலில் இன்னும் கட்டு இருந்தது. பேனரை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது அவனோட தம்பியாங்க்கா?" என்று என்னிடம் கேட்டார்.

"எங்க அண்ணனேதான் அது."

"இல்லீங்க்கா, இது அவன் இல்ல." போனை எடுத்துக் காட்டினார். சமையல் கூடாரத்து வாசலில் வெங்காயம் உரித்தபடி அண்ணன், முகமெல்லாம் பல். "பயமா இருக்கற அன்னைக்கு இவன் சிரிக்க மாட்டானான்னு பார்த்துட்டிருப்போம்."

பக்கத்து நாற்காலியில் இருந்த அப்பா படத்தை எட்டிப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று.

மேடையில் பெரிய ஆட்கள் பேசி முடித்ததும் அப்பாவைப் பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு பேனரைத் திரும்பிப் பார்த்தார்.

"என் புள்ளைக்கு எத்துப்பல்லுங்க," என்றார். "நாந்தான் மாத்தச் சொன்னேன். சின்னதுலேருந்தே எனக்கு அவனைப் பார்த்து வெட்கம்."

மைக்கை வைத்துவிட்டு இறங்கினார். யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கூட்டத்துக்கு வந்திருந்த ஸ்டூடியோக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா முன்னால் போனாள். அப்பா எட்டிப் பிடிக்கப் பார்க்கவில்லை. தெருமுனையில் அவள் நின்று திரும்பினாள்.

"மேடையில சொன்னதை அவன்கிட்ட சொல்லியிருக்கலாம்ல," என்றாள்.