டிரவுட்டுக்குப் பிடித்த ஈ

என் வீட்டுக்காரர் விவரம் தெரிந்த நாளிலிருந்து மீன் பிடித்தவர். ஆனால் தண்ணீருக்குள் ஒரு மீனைக் கண்ணால் பார்த்ததில்லை. எண்ணூர் முகத்துவாரத்தில் சாம்பலும் எண்ணெயும் கலந்த தண்ணீரில் யார் எதைப் பார்க்க முடியும்? தூண்டில் நரம்பை வீசிவிட்டு அதை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். விரல் இழுபட்டால் மீன். கம்பெனியில் ஃபிட்டர் வேலை, ஞாயிற்றுக்கிழமை தூண்டில். விம்கோ நகரில் எங்கள் வீட்டு மடவை மீன் குழம்பில் மண்ணெண்ணெய் வாடை வரும். தின்றோம்.

அந்தக் கம்பெனிக்கு மாற்றலாகி வந்த ஓர் ஆபீசருக்கு மீன் பைத்தியம். எந்த இடத்தில் கொடுவா மீன் கடிக்கும் என்று காட்ட இவர் வேண்டியிருந்தது. புழு தோண்ட, சிக்கல் எடுக்க, சேற்றில் இறங்க இவர். பெரிய மீன் ஆபீசர் வீட்டுக்குப் போகும். பொடி மீன் எங்கள் வீட்டுக்கு வரும். இவரோ அதை சிநேகம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

குவாலிஸ் வண்டி புதிதாக வந்திருந்த சமயம். ஆபீசரும் அவருடைய தோழர்கள் மூன்று பேரும் ஊட்டிப் பக்கம் டிரவுட் மீன் பிடிக்கப் போவதாக முடிவு செய்தார்கள். நீயும் வாப்பா என்று இவரிடம் சொன்னார் ஆபீசர். அங்கே தண்ணீர் கண்ணாடி மாதிரி, கல் மேல் மீன் நிற்பது தெரியும் என்றாராம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பாத்துகினே புடிக்கலாமாம்டி" என்றார்.

அதற்கப்புறம் வீட்டில் வேறு பேச்சே இல்லை. லீவு சொல்லி வைத்தார். ஊட்டிக்கு லோடு ஓட்டும் டிரைவர் ஒருவரைத் தேடிப் பிடித்து, எந்த மாதம் மழை, எவ்வளவு குளிர் என்றெல்லாம் கேட்டு வந்தார். மீன்வளத்துறையில் லைசென்ஸ் வாங்க வேண்டும், குஞ்சு மீன் மாட்டினால் திரும்ப விட்டுவிட வேண்டும் என்று என்னிடம் பாடம் நடத்தினார். டோல்கேட் பிளாட்பாரத்தில் யாரோ போட்டுக் கழித்த ஸ்வெட்டர் ஒன்றை வாங்கினார். மொட்டை மாடியில் ஒரு பிளாஸ்டிக் குடத்தை வைத்து, அதற்குள் விழுகிற மாதிரி நரம்பை வீசிப் பழகினார். நான் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் குடம் அது.

டீக்கடையில் விடுவார்களா? ஊட்டி மீன் ஸ்வெட்டர் போட்டிருக்குமே, செதில் உரிப்பதா, பட்டன் கழற்றுவதா என்று கேட்டார்கள். "இன்னா மாமு, நல்ல தண்ணில மீனா? நம்ப நாஸ்தா பண்ணி கை கழுவவே அது இல்ல" என்றான் ஒருவன். இவர் சிரித்துக்கொண்டே வந்துவிடுவார்.

ஒரு நாள் ஆபீசர் போகிற போக்கில் ஒன்று சொன்னார். டிரவுட்டுக்குப் புழு போடக் கூடாதாம், சட்டமாம். ஈ மட்டும்தானாம். என்ன ஈ என்று இவர் கேட்டிருக்கிறார். பெரிதாக, பச்சையாக இருந்தால் நல்லது என்று சிரிக்காமல் சொல்லியிருக்கிறார் அந்த மனிதர்.

பச்சை ஈக்கு எங்கள் பக்கம் பஞ்சமா? ஷிப்ட் முடிந்ததும் காசிமேட்டுக்குப் போனார். ஏலம் முடிந்து மீன் கழுவிய தண்ணீர் தேங்கும் இடத்தில் கொசுவலைத் துண்டைப் போட்டு மூடி ஈ பிடித்தார். ரெக்கை ஒடிந்தால் மீன் கண்டுபிடித்துவிடும் என்று அவரே ஒரு சட்டம் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பக்குவமாக எடுத்து, வெயிலில் காயவைத்து, ஊறுகாய் பாட்டிலில் போட்டார். அந்தக் கையோடு சோற்றுத் தட்டு முன்னால் உட்கார்ந்தால் யாருக்குத்தான் வாய் சும்மா இருக்கும்? நன்றாகத் திட்டினேன்.

புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு, ஆபீசர் வீட்டில் எல்லோரும் கூடினார்கள். விருந்துக்கு இறால் உரிக்க என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். சமையலறை வாசலிலிருந்து எனக்கு எல்லாம் தெரிந்தது. மேஜை மேல் மலை வரைபடம் விரித்திருந்தது. சுற்றி நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இவர் நின்றுகொண்டிருந்தார். பேச்சு தூண்டிலுக்கு வந்ததும், பையிலிருந்து பாட்டிலை எடுத்து வரைபடத்தின் மேல் வைத்தார்.

நான்கு பேரும் குனிந்து பாட்டிலுக்குள் பார்த்தார்கள்.

"நான் சொன்னேன்ல? கொண்டு வருவான்னு சொன்னேன்ல?" என்றார் ஆபீசர்.

ஒருவருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஆபீசர் ஒரு மரப்பெட்டியைத் திறந்தார். உள்ளே இறகும் நூலும் சுற்றிய தூண்டில் முட்கள். பூச்சி மாதிரி செய்தவை. ஒன்றை எடுத்து இவர் மூக்குக்கு முன்னால் ஆட்டி, "இதுக்குப் பேருதான்பா ஈ. இங்கிலீஷ்ல ஃப்ளை" என்றார். எப்படிப் பிடித்தாய், சொல்லு, நடித்துக் காட்டு என்றார்கள். இவர் தரையில் குந்தி, வலையை மூடுவது போல் நடித்துக் காட்டினார். அவர்களோடு சேர்ந்து சிரிக்கவும் செய்தார். என் பின்னால் ஆபீசரின் மனைவியும் சிரித்தாள். சிரித்து முடித்து, என்னைச் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு இறாலைத் தொடச் சொன்னாள்.

இவர் கிளம்பவில்லை. நின்றுகொண்டே இருந்தார்.

"அப்போ எனக்கும் அதுல ஒரு முள்ளு குடுப்பீங்களா சார்?"

"உனக்கு எதுக்குப்பா? லைசென்ஸ் எங்க நாலு பேருக்குத்தான். நீ அடுப்பப் பாத்துக்க. மீன் அறுக்க ஒரு ஆள் வேணும்ல."

பஸ்ஸில் வரும்போது போகாதே என்றேன். "மானங்கெட்டவனாய்யா நீ" என்று நாலு பேர் காதில் விழச் சொன்னேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "தண்ணியயாச்சும் பாத்துட்டு வந்துர்றேன்" என்றார்.

போனார். கடைசி சீட்டில், அரிசிக்கும் பாத்திரத்துக்கும் நடுவில்.

திரும்பி வந்ததும் டீக்கடையில் பிரமாதமாகக் கதை சொன்னார். முழங்கால் தண்ணீரில் நின்றாராம், கல் மேல் மீன் நின்று இவரையே பார்த்ததாம். வீட்டுக்குள் வந்து என்னிடம்தான் உண்மையைச் சொன்னார். ஓடை கீழே காட்டுக்குள் இருந்ததாம். இவரை மேலே அவர்கள் தங்கிய பங்களாவிலேயே விட்டுவிட்டார்களாம். கூட வரட்டுமா என்று தினமும் கேட்டிருக்கிறார். நாளைக்கு, நாளைக்கு என்றிருக்கிறார்கள். கடைசி நாள் மழை. மீனைக் கூடையில்தான் பார்த்திருக்கிறார்.

"மேல புள்ளி புள்ளியா இருந்திச்சி. எங்கிட்ட வர்றதுக்குள்ள கண்ணு வெள்ளையாயிடுச்சி" என்றார்.

நான் ஆறுதல் சொல்லவில்லை. போன இடத்தில் பாத்திரம் கழுவிய ஆளுக்கு என்ன ஆறுதல்?

அடுத்த ஞாயிறு தெருவில் ஆபீசரின் ஹாரன் கேட்டது. கொஞ்சமாவது யோசிப்பார் என்று நினைத்தேன். புழு டப்பாவை எடுத்துக்கொண்டு, சட்டைப் பொத்தானைப் போட்டபடியே ஓடினார்.

சாயங்காலம் இரண்டு மடவை கொண்டு வந்து வைத்தார். நான் அரிவாள்மனையைத் தொடவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மீனை வாசலுக்கு எடுத்துப் போய்ப் பூனைக்குப் போட்டேன். அவர் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு ராத்திரி ஷிப்டுக்குப் போனார்.