பெரிய ஜோடி, சின்ன ஜோடி

செருப்புக் கடையில் முதலாளி முதல் தரை துடைக்கிற பெண் வரை எல்லோருக்கும் அவர் ‘அளவண்ணன்’தான். ஆள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து உட்காருவதற்குள் அலமாரியிலிருந்து சரியான பெட்டியை உருவிவிடுவார். கால் அளக்கும் பலகை கல்லாவுக்குக் கீழே தூசி மண்டிக் கிடந்தது. அதைத் தொடுவது அவருக்குக் கௌரவக் குறைச்சல். அளவு மட்டுமா? இந்த அம்மாவுக்கு முட்டிவலி, இந்த ஆள் வேலை தேடி அலைகிறார் என்று காலைப் பார்த்தே கதை சொல்வார். முக்கால்வாசி சரியாகவும் இருந்து தொலைக்கும். வினையே அதுதான்.

கல்யாணமாகி வெகுகாலம் அவருக்குக் குழந்தை இல்லை. சொந்தபந்தம் கூடுகிற இடத்தில் யாராவது ஒருத்தி, “பெத்திருந்தா தெரியும்” என்று வாயை விடுவாள். மனைவி அன்றைக்கு முழுக்க யாரோடும் பேசமாட்டாள். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு அவளை வீட்டுக்குக் கூட்டி வருவார்.

அப்பேர்ப்பட்ட மனிதர்தான் பிரசவ அறை வாசலில் அதே வார்த்தையை ஒரு நர்ஸின் முகத்தில் வீசினார். நல்ல மத்தியானம். உள்ளே மனைவி அலறிய அலறலில் அவருக்குக் கண்மண் தெரியவில்லை. போட்ட ஷூவோடு உள்ளே பாய்ந்தார். நர்ஸ் குறுக்கே வந்து நின்றாள்.

“சார், ஷூவைக் கழட்டிட்டு வாங்க. இதோட உள்ள விடமாட்டோம்.”

“என் பொண்டாட்டி உயிர் போற மாதிரி கத்துறா, நீங்க ஷூவைப் பத்திப் பேசுறீங்க! நீங்க ஒண்ணு பெத்திருந்தா தெரியும்!”

அவசரத்தில் அவருக்கு முடிச்சு அவிழவில்லை என்று கண்டதும், சுவரைப் பிடித்து மெல்லக் குனிந்து உட்கார்ந்து நர்ஸே கயிற்றை அவிழ்த்துவிட்டாள். காலமெல்லாம் ஊரார் காலடியில் உட்கார்ந்த மனிதர், தன் காலடியில் ஒருத்தி உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தார்.

பெண் குழந்தை பிறந்தது. வேலை நேரம் முடிந்த பிறகும் அந்த நர்ஸ் வீட்டுக்குப் போகாமல் கடைசிவரை தன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று மனைவி சொன்னாள். அளவண்ணன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்டார். மறுநாள் நர்ஸ் வார்டுக்கு வந்தபோது அவர் கண் வழக்கம்போல் அவள் காலுக்குப் போனது. ஷூக் கயிறு முழுக்கத் தளர்ந்திருந்தது. கணுக்கால் விளிம்புக்கு மேல் வீங்கி வழிந்தது. ஒரு கை இடுப்பில் இருந்தது.

“அந்தப் பொண்ணு மாசமா இருக்கு,” என்றார் மனைவியிடம்.

“உங்ககிட்ட சொன்னாங்களா?”

“கால் சொல்லுச்சு.”

சொல்லும்போதே, தான் பேசிய பேச்சு அவரைத் திருப்பி அறைந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று இரண்டு தடவை அவள் பின்னாலேயே போனார். வாய் வரவில்லை. தண்ணீர் எங்கே பிடிக்கலாம் என்று கேட்டுவிட்டுத் திரும்பினார்.

வீட்டுக்கு வந்ததும் வார்டில் எல்லோருக்கும் என்ன வாங்கிக் கொடுப்பது என்று பேச்சு வந்தது. சாக்லேட் பெட்டி கொடுத்தால் முந்திக் கை நீட்டுகிறவருக்கே போய்ச்சேரும் என்றாள் மனைவி. பூவை வார்டுக்குள் விடமாட்டார்கள். காபிக் கோப்பையா, அது அவர்களிடம் மலையாகக் குவிந்து கிடக்கும். நாள் முழுக்கக் கை கழுவுகிறவர்களாயிற்றே என்று ஆளுக்கொரு கைக் கிரீமும், பொதுவில் ஒரு கூடைப் பழமும் முடிவாயிற்று.

“அந்த சிஸ்டருக்கு நான் தனியா பாத்துக்கறேன்,” என்றார் அவர்.

நின்றே வேலை செய்கிறவர்களுக்கென்று மெத்தென்ற ஷூ ஒன்று உண்டு. வீக்கம் இன்னும் கூடும் என்று கணக்குப் போட்டு ஒரு அளவு பெரிதாகவே சொல்லிவைத்தார். அது வர நாளாயிற்று. வந்ததும் அதே பெட்டிக்குள், பஞ்சு மாதிரித் தோலில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு குழந்தை ஷூவையும் வைத்தார். கடையிலேயே அதுதான் அழகு. வாயால் கேட்க முடியாத மன்னிப்பை அந்தச் சின்ன ஜோடி கேட்டுவிடும் என்று நம்பினார்.

“ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்கியிருக்கலாம்,” என்றாள் மனைவி.

“கேட்டு வாங்கினா அது என்ன பரிசு? எனக்கா அளவு தெரியாது?”

குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போன அன்று, மனைவியை வரிசையில் உட்காரவைத்துவிட்டு மாடி ஏறினார். துணி அலமாரிப் பக்கத்தில் அந்த நர்ஸ் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். என்றைக்கும் காலைப் பார்க்கிற மனிதர், அன்றைக்குப் பார்த்து அவள் முகத்தையே பார்த்தார். சந்தோஷப்படுவதைப் பார்க்கவேண்டும் அல்லவா?

“சிஸ்டர், அன்னைக்கு நான் பேசினது ரொம்பத் தப்பு. அதுக்குத்தான் இது.”

அவள் சிரித்துக்கொண்டே மூடியைத் திறந்தாள். பெரிய ஜோடிக்கு நடுவில் சின்ன ஜோடி இருந்தது. சிரிப்பு அப்படியே நின்றது.

அப்போதுதான் அவர் கண் கீழே இறங்கியது. ஷூக் கயிறு இறுக்கிக் கட்டியிருந்தது. கணுக்கால் ஒட்டி, எலும்பு தெரிந்தது. வயிற்றைப் பார்க்க வேண்டிய அவசியமே அவருக்கு இருக்கவில்லை.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றாள் அவள் மெதுவாக. “இங்க யார்கிட்டயும் நான் சொல்லலையே.”

“கால்... வீங்கியிருந்துச்சு.”

“ஆமா. இப்ப வடிஞ்சிடுச்சு.”

இந்தக் கண் அவிந்து போயிருக்கக் கூடாதா என்று நினைத்தார். முதல் தடவை கோபத்தில் சுட்டார். இந்தத் தடவை அன்பாக, பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்து சுட்டிருக்கிறார். “குடுத்துடுங்க சிஸ்டர், நான் வேற ஏதாவது...” என்று கையை நீட்டினார்.

அவள் பெரிய ஜோடியை மட்டும் எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“இது லூசா இருக்கும், மாத்திக் குடுங்க. சின்னது இருக்கட்டும். அதுக்குன்னு யாருமே எதுவும் வாங்கலை. நாங்ககூட வாங்கலை.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, இத்தனை வருஷத்தில் யாரிடமும் கேட்டிராததைக் கேட்டார்.

“உங்க அளவு என்ன சிஸ்டர்?”

அவள் சொன்னாள். அவர் வாங்கியதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கீழே ஊசி போட்ட குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே மனைவி அவர் கையில் இருந்ததைப் பார்த்தாள்.

“என்னங்க, திருப்பிக் கொண்டுவந்துட்டீங்க?”

“அளவு தப்பு.”

“நான்தான் சொன்னேனே! சரி, அந்தச் சின்னது பிடிச்சிருந்துச்சா?”

அவர் குழந்தையை வாங்கித் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

“அதை வச்சுக்கிட்டாங்க,” என்றார்.

மனைவிக்கு ஒரே சந்தோஷம். வழியெல்லாம் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு நடந்தார்.