சந்தை நாள் கொழுக்கட்டை

எட்டாவதோடு நின்ற நான் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று பஸ் ஸ்டாண்டில் வெல்லக் கொழுக்கட்டையின் ஆவி மூக்கில் பட்டதும், இப்போது கடைகளாகிவிட்ட அரிமளம் சந்தை முனையும், அங்கே மணியடித்து நின்ற கொழுக்கட்டைத் தள்ளுவண்டியும், வாரமெல்லாம் வயலில் குனிந்து களைத்த அம்மா அடுப்புப் பக்கமே போகாமல் கால் நீட்டி எங்களோடு கொழுக்கட்டை தின்னும் சந்தை நாள் சாயங்காலங்களும் நினைவுக்கு வந்தன. அந்த ஒரு பொழுதுதான் அவளுக்கு ஓய்வு.

ஒரு சந்தை நாளில் அப்பாவின் அக்கா வந்திருந்தாள். "ஏன்டா தம்பி, வண்டிக்காரன்தான் ஒங்களுக்குப் பொங்கிப் போடுறானா?"

"இன்னைக்கு மட்டுந்தான் மதினி," என்றாள் அம்மா.

அப்பா எங்கோ பார்த்தபடி, "எந்திரிச்சு சோறாக்கு," என்றார். அவள் எழுந்து போனாள். கொழுக்கட்டை இலையிலேயே ஆறியது.

மறுநாள் அத்தை பஸ் ஏறியதும் அப்பா தூக்குவாளியோடு சந்தை முனைக்குக் கிளம்பினார். சந்தையில்லாத நாள், வண்டி வரவில்லை.